அவர்களே அடித்து வைத்திருக்கும் ராஜினாமாக் கடிதம்

தம்பி, நீங்கள் எழுதியதை மூன்று முறை படித்தேன். மற்றவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதால் முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில், பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் ஆறு ஆண்டு நான்கு மாதமாக டெக்னீஷியன். சம்பளம் 3,600 வெள்ளி (ரிங்கிட்). மனைவிக்கு ஐந்தாம் மாதம். போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலை முடியும் நேரத்தில் உங்களை மீட்டிங் அறைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். புது மேனேஜரும் எச்.ஆர். (மனிதவளப் பிரிவு) பெண்ணும் இருந்திருக்கிறார்கள். "கம்பெனி ஆளைக் குறைக்கிறது. உங்கள் வேலையும் திருப்தியாக இல்லை. இதில் கையெழுத்துப் போட்டால் இரண்டு மாதச் சம்பளம். போடாவிட்டால் விசாரணை, பிறகு டிஸ்மிஸ், ஒரு காசும் கிடைக்காது" என்று சொல்லி, உங்கள் பெயர் போட்டு அடித்த ராஜினாமாக் கடிதத்தை நீட்டியிருக்கிறார்கள். திங்கட்கிழமை வரை தவணை. அந்த அறையில் மூன்றாவதாக உட்கார்ந்திருந்தவர், உங்களை இந்த வேலையில் சேர்த்துவிட்ட சூப்பர்வைசர் மாமா. உங்கள் அப்பாவோடு ஒரே தோட்டத்தில் வளர்ந்தவர். "அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படி அக்கா மாட்டேன் என்று சொல்வது?" என்று முடித்திருக்கிறீர்கள்.

கையெழுத்துப் போடாதீர்கள். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

நான் இருபத்திரண்டு ஆண்டுகள் எச்.ஆர். பக்கம் வேலை பார்த்தவள். அப்படிப்பட்ட கடிதங்களை அடித்தவர்களில் நானும் ஒருத்தி. 2001இல் மின்னணு ஏற்றுமதி படுத்துப்போன நேரம். நான் இருந்த தொழிற்சாலையிலும் ஆளைக் குறைத்தார்கள். பதினான்கு வருடம் லைனில் நின்ற ஓர் அக்காவின் முன்னால் பேனாவை வைக்கச் சொல்லி என்னைத்தான் அனுப்பினார்கள், நான் தமிழ் பேசுகிறவள் என்பதற்காக. அவர் கடிதத்தைப் படிக்கக்கூட இல்லை. "நீ சொன்னா சரியாத்தாம்மா இருக்கும்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, எனக்கே நன்றி சொல்லிவிட்டுப் போனார். ஒரு மாதச் சம்பளம் கொடுத்தார்கள். சட்டப்படி அவருக்கு வந்திருக்க வேண்டியது எட்டாயிரம் வெள்ளிக்கு மேல். அந்தக் கணக்கு அன்றைக்கே எனக்குத் தெரியும். அதனால்தான் சொல்கிறேன், உங்கள் மாமாவை அந்த அறையில் உட்கார வைத்தது தற்செயல் இல்லை. அவர் முகத்தைப் பார்த்து நீங்கள் மறுக்க மாட்டீர்கள் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இப்போது அவர்கள் சொன்னதைப் பிரித்துப் பார்ப்போம். ஒரே மூச்சில் மூன்று விஷயம் சொல்லியிருக்கிறார்கள்: ஆட்குறைப்பு, வேலை திருப்தியில்லை, விசாரணை. இவை ஒவ்வொன்றுக்கும் சட்டத்தில் தனித்தனி வழி இருக்கிறது. ஒவ்வொரு வழியிலும் முதலாளிக்குச் செலவோ சிரமமோ உண்டு. நீங்களே ராஜினாமா செய்துவிட்டால் மூன்றும் ஒரேயடியாக அவர்கள் தலையிலிருந்து இறங்கிவிடும். கடிதத்தை அவர்களே அடித்து வைத்திருப்பது இதற்காகத்தான்.

ஆட்குறைப்பு என்றால் என்ன செய்ய வேண்டும்? 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு எட்டு வார நோட்டீஸ், அல்லது அதற்கு ஈடான பணம். ஆட்குறைப்பில் இந்த எட்டு வாரத்தை வேலை ஒப்பந்தத்தில் வேறு என்ன எழுதியிருந்தாலும் குறைக்க முடியாது. அதற்கு மேல், 1980ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி இழப்பீடு: இரண்டு வருடத்துக்குள் என்றால் வருடத்துக்குப் பத்து நாள் சம்பளம், இரண்டிலிருந்து ஐந்து வருடத்துக்குள் பதினைந்து நாள், ஐந்துக்கு மேல் இருபது நாள். உங்கள் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 3,600ஐ 12ஆல் பெருக்கி 365ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 118 வெள்ளி சொச்சம். வருடத்துக்கு இருபது நாள் வீதம் ஆறு வருடம் நான்கு மாதத்துக்கு ஏறக்குறைய 15,000 வெள்ளி. எட்டு வார நோட்டீஸ் பணம் சுமார் 6,600. ஆக 21,600. அவர்கள் தருவதாகச் சொன்ன இரண்டு மாதச் சம்பளம் 7,200. கருணை போல நீட்டிய அந்தத் தொகை, நோட்டீஸுக்கு மட்டுமே கொடுத்தாக வேண்டியதைவிடச் சில நூறு வெள்ளிதான் அதிகம்.

ஒன்றைச் சரிபாருங்கள். இந்த இழப்பீடும் ஓவர்டைம் விகிதமும் மாதச் சம்பளம் 4,000 வெள்ளியைத் தாண்டாதவர்களுக்கு. ஓ.டி. பணமும் கமிஷனும் இந்த வரம்புக் கணக்கில் சேராது, ஆனால் மாதாமாதம் நிலையாக வரும் ஷிஃப்ட் அலவன்ஸ் போன்றவை சேரலாம். சம்பளச் சீட்டை எடுத்துக் கூட்டிப் பாருங்கள். 4,000ஐத் தாண்டினாலும் நோட்டீஸ் உரிமை போகாது. நியாயமில்லாமல் வேலைநீக்கம் செய்தால் வழக்குப் போடும் உரிமைக்கும் சம்பள வரம்பு கிடையாது.

ஆட்குறைப்பு உண்மையென்றால் அது ஓர் ஆளோடு, மூடிய அறையில் முடிகிற காரியம் இல்லை. முப்பது நாளுக்கு முன்பே தொழிலாளர் இலாகாவுக்கு, ஆட்குறைப்பை அறிவிக்கும் 'பிகே' படிவம் போக வேண்டும். அதே மாதிரி வேலை பார்க்கும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் இருந்தால் முதலில் அவர்களைத்தான் நிறுத்த வேண்டும் என்கிறது வேலைச் சட்டம். பங்ளாதேஷிலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் கடன்பட்டு வந்த பிள்ளைகளை நினைத்தால் இந்த விதியைச் சொல்ல எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சட்டம் அப்படித்தான். உள்ளூர்க்காரர்களுக்குள் கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் போக வேண்டும் என்பது 1975ஆம் ஆண்டின் தொழில் இணக்க நெறிமுறை. அது சட்டம் இல்லையென்றாலும் தொழில்துறை நீதிமன்றம் அதைக் கருத்தில் எடுத்துக்கொள்ளும். உங்கள் பிரிவில் உங்களுக்குப் பிறகு சேர்ந்தவர்கள் எத்தனை பேர்? எண்ணி எழுதி வையுங்கள்.

வேலை திருப்தியில்லை என்றால், அதை இதற்கு முன்னால் உங்களிடம் எழுத்தில் சொன்னார்களா, திருத்திக்கொள்ள அவகாசம் கொடுத்தார்களா என்றுதான் நீதிமன்றம் கேட்கும். போன வருடம் போனஸும் சம்பள உயர்வும் வாங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடிதங்கள் உங்களுக்குத் தங்கம். 'பி.ஐ.பி.' என்று, வேலையைத் திருத்திக்கொள்ள மூன்று மாதத் திட்டம் ஒன்றைக் கொடுத்தால் மறுக்காதீர்கள். வாங்கிக்கொண்டு, எட்ட முடியாத இலக்கு எதுவோ அதை மட்டும் மரியாதையாக எழுத்தில் சுட்டிக்காட்டுங்கள்.

விசாரணை என்ற சொல்லுக்குத்தான் நம் ஆட்கள் அதிகம் பயப்படுகிறார்கள். போலீஸ் விசாரணை மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது உங்களைக் காப்பாற்றுகிற ஏற்பாடு. தவறான நடத்தை என்று சொல்லி ஒருவரை நிறுத்துவதற்கு முன் முறையான விசாரணை நடத்த வேண்டும் என்பது சட்டம். குற்றச்சாட்டு எழுத்தில் வர வேண்டும், உங்கள் பதிலைக் கேட்க வேண்டும். விசாரணைக்காக உங்களை வேலையிலிருந்து தள்ளி வைத்தாலும் இரண்டு வாரத்துக்கு மேல் கூடாது. அந்த நாட்களுக்குப் பாதிச் சம்பளத்துக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும். குற்றமில்லை என்றானால் பிடித்த பாதியையும் திருப்பித் தர வேண்டும். "சரி, விசாரணையே வைத்துக்கொள்ளுங்கள்" என்று ஒருவர் அமைதியாகச் சொன்னதும் எதிரே இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இனி மாமா. அவர்மேல் கோபப்படாதீர்கள். அவருக்கும் வீட்டுக்கடன் இருக்கும், அவரையும் யாரோ கூப்பிட்டு உட்காரச் சொல்லியிருப்பார்கள். நம் மக்களுக்கும் மேலே இருப்பவர்களுக்கும் இடையிலான இந்தப் பயபக்தி நேற்று வந்ததில்லை. 1941இல் கிள்ளான் வட்டார ரப்பர்த் தோட்டங்களில், தொழிலாளர் தலைவர் ஆர்.எச். நாதன் போன்றவர்கள் முன்னால் நின்ற வேலைநிறுத்தத்தில், கூலி உயர்வோடு இன்னொரு கோரிக்கையும் இருந்தது: வெள்ளைக்காரத் துரையும், தோட்டக் குமாஸ்தாவான கிராணியும் எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும். அதற்காகவும் நின்றார்கள். பட்டாளம் வந்தது, தொழிலாளர்கள் சுடப்பட்டு இறந்தார்கள், நாதனை நாடு கடத்தினார்கள். நான் பார்த்த எத்தனையோ மீட்டிங் அறைகளில் நம் பிள்ளைகள் அந்தச் சைக்கிளிலிருந்து இன்னும் இறங்கிக்கொண்டுதான் இருந்தார்கள். என்ஜினியரிங் படித்த பிள்ளைகளும்கூட.

மாமாவிடம் தொழிற்சாலையில் எதுவும் பேச வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போய், "மாமா, நீங்கள் செய்த உதவியை நான் மறக்கவில்லை. ஆனால் நான் ராஜினாமா செய்யப்போவதில்லை. உங்களைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்றுதான் முன்கூட்டியே சொல்கிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வாருங்கள். எனக்காகப் பேசுங்கள் என்று கேட்காதீர்கள். அந்த அறையில் என்ன நடந்தது என்று பார்த்த மூன்றாவது ஆள் அவர். நாளைக்கு வழக்கு என்று வந்தால் அவர் உண்மையைச் சொல்ல வேண்டிவரலாம். இப்போதே அவரை ஒரு பக்கம் இழுத்தால் அன்றைக்கு அவர் வாய் திறப்பது கஷ்டமாகிவிடும்.

திங்கட்கிழமை நீங்கள் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "நான் ராஜினாமா செய்ய விரும்பவில்லை. கம்பெனி என்னை நிறுத்துவதாக இருந்தால் காரணத்தோடு எழுத்தில் கொடுங்கள்." சத்தம் வேண்டாம், வாக்குவாதம் வேண்டாம். சொல்லிவிட்டு உங்கள் இடத்துக்குப் போய் வேலையைத் தொடங்குங்கள். பிறகு அதையே மலாயிலோ ஆங்கிலத்திலோ நான்கு வரியில் எச்.ஆருக்கு மின்னஞ்சல் அனுப்பி, உங்கள் சொந்த முகவரிக்கும் ஒரு நகல் போடுங்கள். வெள்ளிக்கிழமை யார் யார் இருந்தார்கள், எத்தனை மணி, யார் என்ன சொன்னார் என்பதை இப்போதே, ஞாபகம் மங்குவதற்குள், தேதி போட்டு எழுதி வையுங்கள்.

கோபத்தில் வேலைக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள். அனுமதியும் தக்க காரணமும் இல்லாமல், முதலாளிக்குத் தெரிவிக்கவும் முயலாமல், தொடர்ந்து இரண்டு வேலை நாளுக்கு மேல் வராவிட்டால் ஒப்பந்தத்தை நீங்களே முறித்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். அவர்கள் தேடுகிற காரணத்தை நீங்களே தூக்கிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். வேலை ஒப்பந்தம், சம்பளச் சீட்டுகள், போனஸ் கடிதம், மதிப்பீட்டுத் தாள், ஷிஃப்ட் அட்டவணை இவற்றை இன்றைக்கே வீட்டில் சேர்த்து வையுங்கள். கம்பெனியின் டிராயிங், வாடிக்கையாளர் விவரம் போன்றவற்றைத் தொடவே தொடாதீர்கள். அதை எடுத்தார் என்று சொல்லியே விசாரணை வைத்துவிடுவார்கள். இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) கணக்கைத் திறந்து, மாதாமாதம் முதலாளி பங்கு 13 விழுக்காடு ஒழுங்காக வந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

இதையெல்லாம் மீறி உங்களை நிறுத்திவிட்டால்? இங்கேதான் அறுபது நாள் கணக்கு வருகிறது. மிக நல்ல வழக்குகள்கூட வீணாய்ப் போவது இந்த இடத்தில்தான். இரண்டு வெவ்வேறு அலுவலகங்கள் இருக்கின்றன. நம் மக்கள் 'லேபர் ஆபிஸ்' என்று சொல்வது தொழிலாளர் இலாகா, ஜபாத்தான் தெனாகா கெர்ஜா. சம்பள பாக்கி, ஓ.டி., நோட்டீஸ் பணம், ஆட்குறைப்பு இழப்பீடு இவற்றுக்கு அங்கே போக வேண்டும். நியாயமில்லாமல் வேலைநீக்கம் செய்தார்கள், வேலையைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்க வேண்டிய இடம் வேறு: தொழில் உறவு இலாகா, ஜபாத்தான் பெர்ஹுபுங்கான் பெருசாஹான். 1967ஆம் ஆண்டு தொழில் உறவுச் சட்டத்தின் 20ஆவது பிரிவின்படி, வேலைநீக்கம் ஆன நாளிலிருந்து அறுபது நாளுக்குள் அங்கே மனு கொடுத்தாக வேண்டும். அறுபத்தோராவது நாள் போனால் கதவு மூடிவிடும். முதலில் லேபர் ஆபிஸுக்குப் போய், வரிசையில் நின்று, மறுபடி வரச் சொல்லி, கம்பெனியும் "பேசித் தீர்த்துக்கொள்வோம்" என்று இழுத்து, மூன்றாவது மாதம் என்னிடம் வந்து அழுதவர்கள் உண்டு. பேச்சுவார்த்தை ஒரு பக்கம் நடக்கட்டும். மனு மறுபக்கம் முதல் வாரத்திலேயே போய்விட வேண்டும்.

மனு கொடுக்கக் கட்டணம் இல்லை. முதலில் இரு தரப்பையும் கூப்பிட்டு சமரசம் பேசுவார்கள். அந்தக் கட்டத்துக்கு வக்கீல் தேவையில்லை. ஒத்துவராவிட்டால் தொழில்துறை நீதிமன்றத்துக்கு அனுப்புவார்கள். முன்பு போல அமைச்சர் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. 2021இலிருந்து அந்தப் படி கிடையாது. பினாங்கிலேயே நீதிமன்றத்தின் கிளை இருக்கிறது, கோலாலம்பூருக்கு அலைய வேண்டாம். ஜெயித்தால், நிரந்தர ஊழியருக்குப் பின்சம்பளம், அதாவது வேலையில்லாமல் இருந்த காலத்துக்கான சம்பளம், அதிகபட்சம் இருபத்துநான்கு மாதம். வேலையைத் திருப்பித் தராவிட்டால் அதற்கு ஈடாக, வழக்கமாக வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம் என்று கணக்கிடுவார்கள். இடையில் வேறு வேலை செய்து சம்பாதித்திருந்தால் அதற்காகக் கழிப்பார்கள். வழக்கு நீளும், உங்களைக் களைப்பாக்கும். இதையும் நான் மறைக்க விரும்பவில்லை.

அந்த இடத்தில் இருக்கவே பிடிக்கவில்லை, போய்விட்டால் தேவலை என்று உங்களுக்கே தோன்றினால், அதிலும் தவறில்லை. ஆனால் ராஜினாமாவாகப் போகாதீர்கள். ஆட்குறைப்பு என்று எழுதிய கடிதத்தோடு, மேலே சொன்ன 21,600க்குக் குறையாமல் பேசி வாங்கிக்கொண்டு போங்கள். அந்தக் கடிதத்தால் இன்னொரு பலனும் உண்டு. சொக்சோ என்ற சமூகப் பாதுகாப்பு நிறுவனம் 2018இல் தொடங்கிய வேலைக் காப்புறுதித் திட்டத்துக்கு உங்கள் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்துக்கொண்டே வருகிறார்கள். வேலை இழந்தவருக்குப் புது வேலை தேடும் மாதங்களில் அதிலிருந்து உதவித்தொகை கிடைக்கும். அதற்கும் அறுபது நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தானாக ராஜினாமா செய்தவருக்கு அது இல்லை.

ஒருவேளை, இதைப் படிக்கிற வேறு யாராவது ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தால்: "விருப்பத்தோடு செய்யவில்லை, வற்புறுத்தியதால் செய்தேன், ராஜினாமாவைத் திரும்பப் பெறுகிறேன்" என்று இன்றைக்கே எழுதி அனுப்புங்கள். மிரட்டி வாங்கிய ராஜினாமாவை வேலைநீக்கமாகவே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். ஆனால் மிரட்டினார்கள் என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் விழும். ஒரு மாதம் சும்மா இருந்துவிட்டு, அவர்கள் போட்ட பணத்தையும் செலவழித்துவிட்டுப் போய்ச் சொன்னால் நம்ப வைப்பது மிகக் கஷ்டம்.

ஷிஃப்ட் முடிந்தபின் தினமும் அரை மணி நேரம், அடுத்த ஷிஃப்டிடம் வேலையை ஒப்படைக்கும் 'ஹேண்டோவர்' என்று நிற்க வைத்து, அதற்குப் பணம் தருவதில்லை என்று போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். அது போகிறபோக்கில் விடுகிற விஷயம் இல்லை. 3,600ஐ 26ஆல் வகுத்து, அதை 8ஆல் வகுத்தால் மணிக்கு 17 வெள்ளி 31 காசு. சாதாரண நாள் ஓ.டி. ஒன்றரை மடங்கு, 25 வெள்ளி 96 காசு. மாதம் 22 நாள் அரை மணி என்றால் 285 வெள்ளி. உங்கள் குழந்தையின் பால்மாவுக்கும் டயப்பருக்கும் ஆகிற பணம். வாட்சப்பில் "எல்லாரும் இருந்து முடித்துவிட்டுப் போங்கள்" என்று வந்த செய்திகளை அழிக்காதீர்கள். இது லேபர் ஆபிஸில் கேட்க வேண்டியது.

பிரசவ விஷயம். மனைவிக்குத் தொண்ணூற்றெட்டு நாள் பேறுகால விடுப்பு, 2023 ஜனவரியிலிருந்து. கர்ப்பத்தைக் காரணம் காட்டி அவரை யாரும் நிறுத்த முடியாது. உங்களுக்குத் தொடர்ச்சியாக ஏழு நாள் சம்பளத்தோடு விடுப்பு உண்டு; குறைந்தது முப்பது நாளுக்கு முன் எழுத்தில் சொல்லிவிடுங்கள். மேனேஜரின் முகம் மாறியது நீங்கள் இந்த விடுப்பைப் பற்றிக் கேட்ட பிறகுதான் என்று சொன்னீர்கள். கேட்ட தேதியையும் உங்கள் குறிப்பில் சேருங்கள்.

நடந்ததை வீட்டில் இன்னும் சொல்லவில்லை, இந்த நேரத்தில் அவளைப் பயமுறுத்த வேண்டாம் என்று நினைத்தேன் என்கிறீர்கள். சொல்லிவிடுங்கள் தம்பி, இன்றிரவே. சம்பளச் சீட்டுகளை வருட வரிசையில் அடுக்க அவர் கை இருந்தால் வேலை பாதியாகும். நீங்கள் தனியாக இருக்கிறீர்கள், வீட்டிலும் யாருக்கும் தெரியாது என்பதை நம்பித்தான் வெள்ளிக்கிழமை சாயங்காலத்தையும் திங்கட்கிழமைத் தவணையையும் வைத்தார்கள். நானும் அந்த நாளைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

திங்கள் சாயங்காலம் என்ன ஆயிற்று என்று எனக்கு எழுதுங்கள். கடிதம் ஏதாவது கொடுத்திருந்தால், அதில் போட்டிருக்கும் தேதியையும், அது உங்கள் கைக்கு வந்த தேதியையும் தனித்தனியாக எழுதுங்கள்.